மாதுளை விதையும் தாயின் சினமும்

பாதாள வேந்தன் ஹேடிஸ், பேர்செபொனியைக் கவர்ந்து சென்ற கிரேக்கக் கதை இன்று ஆங்கில நாவற் சந்தையிலே காதற் கதையாக விலைபோகின்றது. அச்சமூட்டும் ஆடவனையே காதலனாக நிறுத்தும் இவ்வகைப் புனைகதையை 'இருட்காதல்' என்கின்றனர். ஸ்கார்லெற் செயின்ற் கிளேர் 2019இல் தொடங்கிய நாவல் வரிசை இதற்குப் பெயர்பெற்ற சான்று. அங்கே ஹேடிஸ் இரவு விடுதிக்கும் சூதாட்டக் கூடத்துக்கும் சொந்தக்காரன். பேர்செபொனி அவனை விரும்புகிறாள். தாய் டிமீற்றரோ மகளை அடக்கியாளும் கொடியவள்.

பழங்கதை இவ்வாறன்று. ஏறத்தாழ கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் எழுந்து, ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீற்றர் துதிப்பாடலை நோக்குவோம். 1777இல் மொஸ்கோவிலே கண்டெடுக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியே அதனை நமக்குத் தந்தது. அதன் 495 அடிகளில் ஹேடிசின் காதலைப் பற்றிய பேச்சே இல்லை. சியூஸ் தன் மகளைத் தன் உடன்பிறந்தானுக்குக் கொடுத்துவிடுகிறான். மகளையும் கேட்கவில்லை, தாயையும் கேட்கவில்லை. இது வானுலக விநோதமென்று எண்ணற்க. பழைய அதென்ஸ் நகரிலே பெண்ணை மணத்துக்கு ஒப்படைக்கும் உரிமை தந்தையினுடையது. தந்தையின் சகோதரன் அவளை மணப்பதற்கும் சட்டம் இடங்கொடுத்தது. கதிரவனாகிய ஹீலியொஸ் டிமீற்றரைத் தேற்றும்போது, மருமகன் தகுதியில் குறைந்தவனல்லன் என்கிறான். தரகர் பேச்சு எக்காலத்தும் ஒன்றுதான் போலும்!

டிமீற்றர் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. பயிர்களின் தலைவியாகிய அவள் விதைகளை மண்ணுக்குள்ளேயே மறைத்துவைத்தாள். எருதுகள் வீணே உழுதன. மனிதர் பசியால் அழிவர், தேவர்க்குக் காணிக்கையும் அற்றுப்போகும் என்ற நிலை வந்த பின்னரே சியூஸ் தூதர்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினான். மகளைக் கண்ணாற் காணாமல் விளைச்சலை விடேன் என்று அவள் மறுத்தாள். இதனை வேலைநிறுத்தம் என்றே நாம் அழைப்போம். வெற்றி முழுமையானதன்று: ஹேடிஸ் கொடுத்த மாதுளை விதையை உண்டமையால், மகள் ஆண்டில் மூன்றிலொரு பங்கைப் பாதாளத்திலே கழிக்க வேண்டியதாயிற்று. அவ்விதையை அவன் வலிந்து உண்பித்தான் என அவளே தாயிடம் முறையிடுகிறாள்.

காதல் புகுந்தது பின்னர். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமக் கவிஞர் ஒவிட், வீனசின் ஏவலால் காமன் எய்த அம்பே கடத்தலுக்குக் காரணம் என்று பாடினார். தந்தையின் பேரம் மறைந்தது. பழி அம்பின் மேற் சென்றது. எனினும் பெர்னினி 1621-22இல் செதுக்கிய பளிங்குச் சிலையில் அவள் கன்னத்திலே கண்ணீர்த்துளி உண்டு. 1818இலும் 1819இலும் குழந்தைகளைப் பறிகொடுத்த மேரி ஷெல்லி, 1820இல் இக்கதையை நாடகமாக்கியபோது தாயின் துயரையே நடுவில் வைத்தார்.

இன்றைய வாசகியரை நாம் எள்ளி நகையாடோம். வாய்திறக்க இடமின்றிக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் விருப்பைச் சொல்லும் உரிமை வேண்டும் என அவர்கள் அவாவுவது நியாயமே. ஆயின் கவர்ந்தவனைக் காதலனாக்குவதற்குத் தாயைக் குற்றவாளியாக்க நேர்ந்திருக்கிறது. செயின்ற் கிளேரின் வரிசையிலும் டிமீற்றரின் சினம் பனிப்புயலாய் எழத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு திருமணத்தைக் கெடுக்க வந்த புயல்.