வாத்துக் கொட்டகை: குளிர்கால ஈரமும் காற்றோட்டமும்

கனடா, வட ஐரோப்பா போன்ற உறைகுளிர்ப் பகுதிகளில் வாத்துக் கொட்டகைக்குக் குளிரைவிட ஈரமே பெரிய பகை. வாத்தின் எச்சத்தில் பெரும்பங்கு நீர். மூச்சிலும் நீராவி வெளியேறும். கதகதப்புக்காகத் திறப்புகளை எல்லாம் அடைத்தால் அந்த ஆவி கூரையில் படிந்து சொட்டும். ஈரக்குளிரில் கால்களில் உறைபுண் வரும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். உள்ளே நுழைந்ததும் நெடி அடித்தால் காற்றோட்டம் போதவில்லை.

வாத்துகள் தரையில் உறங்குபவை. ஆகவே கம்பிவலையிட்ட திறப்புகள் அவற்றின் தலைக்கு வெகு மேலே, இறவாரத்தை ஒட்டி இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலெழுந்து வெளியேறும், பறவைமேல் வாடை நேராக வீசாது. தரையில் வைக்கோலோ மரச்சீவலோ தடிமனாகப் பரப்பி, நனைந்ததை அள்ளி, உலர்ந்ததைச் சேர்ப்பர். தண்ணீர்த் தொட்டி கட்டாயம் வெளியே இருக்கட்டும். அலகை முக்கி அலசும் வாத்து ஒரே இரவில் படுக்கை முழுவதையும் நனைத்துவிடும். தண்ணீரின்றித் தீனி தொண்டையில் அடைக்கும் என்பதால் தீனியையும் இரவில் உள்ளே வைப்பதில்லை.