பான்ஜோவின் நரம்பும் பீன்யாவின் கம்பியும்

தொலைபேசிப் பணியாளர்களின் கருவிகளுள் ‘பான்ஜோ’ என்ற பெயரில் ஒன்று உண்டு. தட்டையான சிறு உடல், அதிலிருந்து நீளும் வடம், அதன் முனையில் ஒரு பிளக். சாக்கெட்டுக்குள் மறைந்திருக்கும் ஒவ்வோர் இழைக்கும் உடலின்மேல் ஓர் உலோக முனை இருக்கும். சோதனைக் கருவியின் கவ்வியை அதில் மாட்டலாம். உருவத்தைக் கண்டே இசைக்கருவியின் பெயரை இட்டிருக்க வேண்டும்.

அப்பெயர் வந்த வழி நெடியது. மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கை நரம்பிசைக் கருவிகளை நினைவில் சுமந்து, அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டோர் உருவாக்கியது பான்ஜோ. ஜமைக்காவில் தாம் கண்ட அதன் முன்னோடியை ஹான்ஸ் ஸ்லோன் 1707இல் படத்துடன் அச்சிட்டார். தோல் போர்த்த உடலும் நரம்பும் கொண்டதால் நம் பழைய பகுப்பில் அதை எங்கே வைப்பது என்பது சுவையான சிக்கல். (நம் கடைகளில் பான்ஜோ என்று விற்கப்படும் புல்புல்தாரா வேறு, அது ஜப்பானியக் கருவியின் வழித்தோன்றல்.)

பெயர் தற்செயலாயினும், மீட்டலுக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு மெய்யானது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் பாஸ்டனில் ஆராய்ந்தது, ஒரே தந்திக் கம்பியில் வெவ்வேறு சுருதிகளாகப் பல செய்திகளை அனுப்பும் முறையை. 1875 ஜூன் 2 அன்று, உதவியாளர் வாட்சன் ஒட்டிக்கொண்ட எஃகு நாக்கு ஒன்றை விரலால் மீட்டி விடுவித்தார். அடுத்த அறையிலிருந்த பெல்லுக்கு அந்த ஒலி கம்பி வழியே கேட்டது. தொலைபேசியின் தொடக்கம் அதுவே.

அந்நிகழ்வுக்கு நூறாண்டு நிறையச் சில வாரங்களே இருக்கையில், 1975 ஏப்ரல் 19 அன்று ஆரியபட்டா விண்ணேறியது. 360 கிலோ எடையுள்ள அச்செயற்கைக்கோள் உருவானது பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில். நகரின் கிழக்கே 1948இலேயே தொலைபேசி ஆலை எழுந்து, அவ்விடம் ‘தூரவாணிநகர்’ எனக் கன்னடத்தில் பெயரும் பெற்றிருந்தது. இன்று பீன்யாவின் சிறு பட்டறைகளில்கூடக் கணினியால் இயங்கும் கடைசல் எந்திரங்கள் உள்ளன; அவற்றை இணைக்க நெட்வொர்க் கேபிளும் ஓடுகிறது.

இங்கேதான் ஒப்புமை முறிகிறது. பான்ஜோவின் ஐந்து நரம்புகளுள் ஒன்று தளர்ந்தால், அதைத் தனியே மீட்டியே அறியலாம். நெட்வொர்க் கேபிளின் எட்டு இழைகளோ நான்கு முறுக்கிணைகள். இருவழி இழைகளை முறுக்கிக் குறுக்கொலியைத் தடுக்கும் முறைக்கு 1881இல் காப்புரிமை பெற்றவரும் பெல்தான். இரு முனைகளிலும் ஒரே விதமாக இணை மாற்றிக் கோத்துவிட்டால், மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும். இழைக்கு இழை தொடர்பு இருப்பதால் கவ்வியை மாட்டிப் பார்த்தாலும் குறை தெரியாது. ஆனால் ஓர் இணையின் குறிகை மற்றொன்றில் கசிந்து, வேகம் கூடக்கூடத் தரவு சிதறும். விளக்கை நம்பித் திரும்பிய பணியாளருக்கு மறுநாள் அழைப்பு வரும். இரு முனைப் பிளக்குகளையும் வெட்டி எறிந்து, நிறம் பார்த்து மீண்டும் கோக்க வேண்டியதுதான்.