பரிசோதகர் வருமுன்: டெனிஷ் பாற்பண்ணைகளின் பழைய கதை

பாற்பண்ணைக்குத் தரப் பரிசோதகர் வரும் நாள் தெரிந்துவிட்டால் டெனிஷ் விவசாயியின் வீட்டில் வேலை பெருகிவிடும். கொட்டில் கழுவப்படும். பசுக்களின் மடியிலும் வாலிலும் வளர்ந்த மயிர் கத்தரிக்கப்படும். பால் கறக்கும் இயந்திரத்தின் தேய்ந்த இறப்பர்கள் மாற்றப்படும். எந்தப் பசுவுக்கு என்ன மருந்து ஏற்றப்பட்டது, அதன் பால் எத்தனை நாள் ஒதுக்கப்பட்டது என்ற குறிப்பேடு மேசைக்கு வரும். பசுவின் காதில் தொங்கும் இலக்கமும் ஏட்டிலுள்ள இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். பத்திரமின்றிப் பசுவும் வாழ முடியாத நாடு இது என்று நம்மவர் நகைப்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இந்த ஒழுங்குகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இழப்பும் நோயும் உண்டு. கொட்டில்களிலும் பாற்சாலைகளிலும் வேலை பார்ப்போர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பழைய விதியும் அங்கேயே உண்டு.

1864 ஆம் ஆண்டுப் போரில் தோற்ற டென்மார்க், ஷ்லெஸ்விக், ஹொல்ஸ்ரைன் பகுதிகளைப் பறிகொடுத்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கத் தானியமும் ரஷ்யத் தானியமும் மலிவாக வந்து ஐரோப்பியச் சந்தைகளில் குவிந்தன. தானியம் விற்று வாழ்ந்த விவசாயி பசுவின் பக்கம் திரும்பினான். 1878 இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டி லாவால், பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1882 இல் மேற்கு யூலண்டின் ஹியெடிங் என்ற சிற்றூரில் நாட்டின் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் இத்தகைய பாற்சாலைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

கூட்டுறவின் பலவீனமும் அதன் பலத்தோடு கூடவே பிறந்தது. ஊரார் அனைவரின் பாலும் ஒரே கலத்தில் சேர்ந்தமையால், ஒருவர் கொண்டுவந்த பழுது எல்லோருடைய பழுதாயிற்று. ஆடை எடுத்த பாலைக் கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் ஊட்டுவதற்காக விவசாயிகள் திரும்ப எடுத்துச் சென்றனர். அந்தப் பாலோடு காசநோயும் பண்ணை பண்ணையாகப் பயணம் செய்தது. நோயுற்ற ஒரு பசு, தான் ஒருபோதும் காணாத கொட்டில்களின் கன்றுகளுக்கு நோயைக் கொடுத்தது.

இதனை எதிர்கொண்டவர் பேர்ன்ஹார்ட் பாங் என்ற மிருகவைத்தியப் பேராசிரியர். ரியூபர்குலின் ஊசியால் மறைந்திருக்கும் காசநோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பது அப்போது தெரிந்திருந்தது. நோய் கண்ட மாடுகள் அனைத்தையும் கொன்றுவிடுக என்று சட்டம் போடுவது எளிது. அப்படிப் போட்டால் எந்த ஏழை விவசாயி பரிசோதகருக்குக் கதவைத் திறப்பான்? பாங் வேறு வழி சொன்னார். சோதனையில் நோய் தெரிந்தும் வெளிக்கு நலமாயிருக்கும் மாட்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நலமான மாடுகளிலிருந்து அதனைப் பிரித்துக் கட்ட வேண்டும். கன்றுகளுக்குச் சூடாக்கிய பாலையே கொடுக்க வேண்டும். 1893 இல் இச்சோதனைகளுக்கென அரசு பணம் ஒதுக்கியது. 1898 ஆம் ஆண்டுச் சட்டம், பாற்சாலையிலிருந்து பண்ணைக்குத் திரும்பும் பாலை 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டுமென விதித்தது. சூடாக்கியதாகச் சொன்னால் போதுமா? அதே ஆண்டில் ஸ்ரோர்க் என்ற இரசாயனவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். சில துளி மருந்து விட்டதும் சூடாக்காத பால் நீலநிறமாகும். சூடாக்கிய பால் நிறம் மாறாது.

வெண்ணெயின் கதை சற்று வேடிக்கையானது. போட்டிக் கண்காட்சிக்கென்று சிறப்பாகக் கடைந்த வெண்ணெய் பரிசு வாங்கும். சந்தைக்குப் போவது வேறாக இருக்கும். 1889 இல் பேராசிரியர் ஃபியோர்ட் தொடக்கிய தொடர் கண்காட்சிகள் இதற்கு முடிவு கட்டின. பாற்சாலைக்குத் திடீரெனத் தந்தி வரும். அன்று கையிலிருக்கும் வெண்ணெயில் ஒரு பீப்பாயை உள்ளபடியே கொப்பன்ஹேகனுக்கு அனுப்ப வேண்டும். ஆயத்தம் செய்ய அவகாசமில்லை. ஆகவே எல்லா நாளும் ஆயத்தமாயிருக்க வேண்டியதாயிற்று. லூர் என்ற பழங்காலக் கொம்பைச் சின்னமாகக் கொண்ட வெண்ணெய் முத்திரை 1901 இல் பதிவாகி, 1906 இல் ஏற்றுமதி வெண்ணெய்க்குக் கட்டாயமானது.

நாம் மேலே குறிப்பிட்ட விதி கொப்பன்ஹேகன் நகருக்குரியது. புஸ்க் என்பவர் 1878 இல் அங்கே ஒரு பால் விநியோக நிறுவனத்தைத் தொடக்கினார். பால் தரும் பண்ணைகள் அதனோடு கண்டிப்பான ஒப்பந்தம் செய்துகொண்டன. பசுக்கள் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பதுகூட அதில் எழுதப்பட்டிருந்தது. கறந்த பாலைப் பனிக்கட்டியால் உடனே குளிர்விக்க வேண்டும். நிறுவனத்தின் மிருகவைத்தியர் இரு வாரத்துக்கு ஒருமுறை வந்து பசுக்களைப் பார்ப்பார். இவையெல்லாம் எவரும் எழுதக்கூடியவை. பண்ணையில் வசிக்கும் எவருக்கேனும் தொற்றுநோய் கண்டால் உடனே அறிவித்துப் பால் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்பதும் புதுமையன்று. புதுமை அடுத்த வரியில் இருந்தது: நிறுத்திய பாலுக்கும் நிறுவனம் வழக்கமான விலையைக் கொடுக்கும்.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். நெருப்புக் காய்ச்சலும் தொண்டைக்கரப்பானும் பால்வழியே பரவி நகரத்துக் குழந்தைகளைக் கொண்டுபோன காலம் அது. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும் என்றிருந்தால் தகப்பன் வாய் திறந்திருப்பானா? அவனுடைய மௌனத்துக்கு எங்கோ ஒரு தெருவில் இன்னொருவரின் பிள்ளை விலை கொடுத்திருக்கும். அந்நிறுவனத்தார் விவசாயியைப் புண்ணியவானாக எதிர்பார்க்கவில்லை. உண்மை சொல்பவன் நட்டப்படாதபடி கணக்கை அமைத்தார்கள். பாங் செய்ததும் ஏறத்தாழ இதுவே. வெள்ளையடித்த சுவரையும் கழுவிய தரையையும் பரிசோதகர் தம் கண்ணாற் காணலாம். மூடிய அறையில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றி வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

மாட்டுக் காசநோயை ஒழிக்கும் நெடும் பணி 1952 இல் டென்மார்க்கில் நிறைவு கண்டது. இன்று பாலில் ஒரு மில்லிலீற்றருக்குப் பக்ரீரியா 100,000, உடற்கலங்கள் 400,000 என்பன ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி எல்லைகள். ஆர்லா கூட்டுறவு 2003 முதல் தன் உறுப்பினர் பண்ணைகளுக்கெனத் தனித் தரத்திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. உணவால் பரவக்கூடிய நோயுள்ளவர் உணவைக் கையாளலாகாது என்ற விதியும் ஒன்றியச் சட்டத்தில் உண்டு. பால் கறப்பவருக்கு வயிற்றோட்டம் கண்டால் அதை அவரே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லி வீட்டிலிருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா, அதைக் கொடுப்பது யார் என்பதை, வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதே நம்மவர் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.