வேலிக்கு வந்த கள்ளி

நீர்வளம் குன்றிய ஊரில் வீடு கட்டுவோர், முற்றத்திற்கும் வேலிக்கும் செடி தேடும்பொழுது, "தண்ணீர் ஊற்றாமலே பிழைக்குமா?" என்றே முதலில் வினவுகின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் செடியை நட்ட காலமும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. சப்பாத்திக் கள்ளியின் கதை அத்தகையது.

கள்ளி என்னும் பெயர் தமிழுக்குப் பழையது. எனினும், பழந்தமிழர் கண்ட கள்ளி வேறு. ஒடித்தால் பால் வடியும் சதுரக் கள்ளி போன்றவையே அவை. சப்பாத்திக் கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது கீழ்நாடுகளுக்கு வர வழி பிறந்தது. வந்த செடியின் முள்ளையும் சதைப்பற்றையும் கண்ட நம் மக்கள், பழைய பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்த்து அதற்குச் சூட்டிவிட்டனர். இரண்டுக்கும் குல உறவு ஏதுமில்லை.

மெக்சிகோவில் இச்செடியின்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்து உயர்ந்த செஞ்சாயம் எடுத்தனர். அவ்வாணிகம் நெடுங்காலம் ஸ்பானியர் கையிலிருந்தது. அதனைத் தம் வசமாக்க விரும்பிய கும்பினியாருக்காக, சென்னையில் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையிலே கள்ளித்தோட்டம் ஒன்று அமைத்தார். மருத்துவர் சாயத் தொழிலில் இறங்கியது இன்று விந்தையாகத் தோன்றலாம். அக்காலத்து மருத்துவர் பலர் தாவர நூலிலும் வல்லுநர். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் கல்கத்தா வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது தரம் தாழ்ந்த இனம். சாயம் சிறக்கவில்லை. பூச்சியோ ஒரு வகைக் கள்ளியைப் பல இடங்களில் தின்று தீர்த்தது.

எஞ்சியது முள் மிகுந்த மற்றொரு வகை. அப்பூச்சி இதனைத் தீண்டவில்லை. குடியானவன் வேலிக்கு விரும்பியதும் இதனையே. அவன் விருப்பத்திற்குக் காரணம் உண்டு. நாம் இலை என்று கருதும் பட்டை உண்மையில் தண்டு. இலைகளே முட்களாக மாறியுள்ளன. பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியிலே திறந்து மூச்சு வாங்குவதால் அது நீரை வீணாக்குவதில்லை. ஒரு பட்டையைக் கிள்ளி எறிந்தாலும் விழுந்த இடத்திலே வேர் விடும். நடுவதற்கு இதனினும் எளிய வேலி ஏது?

அந்த எளிமையே கேடாயிற்று. பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கும் பரப்பின. மேய்ச்சல் நிலமும் ஊர்வழியும் முட்புதராயின. பாம்பும் எலியும் அங்கே குடிபுகுந்தன. வெட்டினால், வெட்டிய துண்டெல்லாம் தழைத்தது. இறுதியில் 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியினம் தருவிக்கப்பட்டது. பூர்வீகத்தில் அதுவும் அமெரிக்காவினதே. சில ஆண்டுகளுக்குள் அது அப்புதர்களைப் பெரும்பாலும் அழித்தது. சாயத்திற்காகத் தேடப்பட்ட பூச்சியின் உறவே கள்ளிக்குக் கூற்றாக வந்ததைக் காண்க.

இதற்கிடையில் மற்றொரு விருந்தாளியும் வந்துவிட்டது. 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விறகுக்காகச் சீமைக் கருவேலம் நடப்பட்டது. ஆடுமாடுகள் அதன் இலையைப் பெரும்பாலும் ஒதுக்கி, இனிய காயை மட்டும் தின்றன. விதைகள் சாணத்தோடு ஊரெங்கும் போய் முளைத்தன. இராமநாதபுரச் சீமையிலே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக்கு அது சோறிட்டது என்பதையும் மறைத்தல் நியாயமன்று. ஆயினும் ஏரியும் கண்மாயும் அதன் வசமாயின. இத்தகைய அயல் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட நேர்ந்தது.

நிற்க. வறட்சி தாங்கும் வேலி நம்மிடமே இருந்தது. காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை நிற்கக் காணலாம். உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். காங்கேயம் காளைகளை வளர்த்தவை இந்த மானாவாரிக் காடுகளே. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். கோடையில் இலை உதிர்த்து நிற்கும். மழை கண்டதும் துளிர்க்கும். வைத்த வரிசையை விட்டு அது ஊரைப் பிடிக்கப் புறப்படுவதில்லை.

வீட்டு முற்றத்திற்கும் இத்தகையோர் உளர். ஆவாரை மஞ்சள் பூவோடு எக்கோடையிலும் நிற்கும். சோற்றுக் கற்றாழைக்குத் தொட்டி மண்ணே போதும். இடமுள்ளவர் வேம்பு வைக்கலாம், வன்னியும் வைக்கலாம். சீமைக் கருவேலத்துக்கு இவ்வன்னி நெருங்கிய உறவே. ஆயினும் குணம் வேறு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வறட்சி தாங்கும் செடியும் வேர் ஆழப் பாயும் வரை குழந்தையே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்பொழுது நட்டு, அடுத்து வரும் இரண்டு கோடைகளில் தண்ணீர் கொடுத்துவந்தால், பின்னர் அது தன்னைத்தான் பார்த்துக்கொள்ளும்.