நூறு தூண் மண்டபத்தின் பின்புறம்



2024ஆம் ஆண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில், குடும்பத்துடன் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திற்கு ஐந்து நாள் குழுச் சுற்றுலா சென்று வந்தோம். பேருந்தில் எங்களைத் தவிர மற்ற அனைவரும் மலேசியச் சீனர்கள். பெரும்பாலோர் ஹொக்கியன் பேசுபவர்கள். அவர்களுக்கு அது பாட்டனார் ஊர். எங்களுக்கோ வெறும் விடுமுறைப் பயணம்.

முதல் மூன்று நாள்களும் எல்லாமே திகைப்பாக இருந்தது. குடிக்கக் குளிர்நீர் கேட்டால் வெந்நீர் வந்தது. மரக்கறி உணவு வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தும், கீரைத் தட்டில் இறைச்சித் துணுக்குகள் கிடந்தன. கைப்பேசியிலேயே பணம் செலுத்திப் பழகிய கடைக்காரர்கள், நான் நீட்டிய பணத்தாளை வியப்போடு பார்த்தார்கள். சியாமென் நகரில் முன்பின் அறியாதவர்கள் என் மகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். நான்காம் முறையும் அவ்வாறு கேட்கப்பட்டபோது அவள் சலித்துக்கொண்டாள்.

"அம்மா, இவர்கள் நம்மைப் போன்றவர்களைப் பார்த்ததே இல்லையா?"

"இல்லை போலும்" என்றேன். அந்த விடை தவறு என்பது மறுநாள் தெரிந்தது.

நான்காம் நாள் சுவான்சௌ நகரம். அங்குள்ள கையுவான் ஆலயம் கி.பி. 686இல் நிறுவப்பட்ட பௌத்த ஆலயம். அதன் முதன்மை மண்டபத்தை நூறு தூண் மண்டபம் என்று அழைக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களின் நூற்றுக்கால் மண்டபம் நினைவுக்கு வந்தது. வழிகாட்டி முன்வாசலில் விளக்கம் கூறிவிட்டு, 13ஆம் நூற்றாண்டின் இரு கற்கோபுரங்களைக் காட்டக் குழுவை அழைத்துச் சென்றார். மண்டபத்தின் பின்புறம் சுற்றப் போன மகள் ஓடி வந்து என் கையைப் பற்றி இழுத்தாள்.

"அம்மா, இங்கே கண்ணன் இருக்கிறார்!"

பின் தாழ்வாரத்தில் பதினாறு பட்டைகள் கொண்ட இரு கல்தூண்கள். உரலோடு கட்டுண்ட கண்ணன், இரணியனைப் பிளக்கும் நரசிம்மர், முதலையின் பிடியில் சிக்கிய யானை என அவற்றில் புடைப்புச் சிற்பங்கள். மண்டபத்தின் முன்மேடை அடித்தளத்திலும் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாக இருந்தன. சற்று முன் அவற்றைத் தாண்டித்தான் வந்திருந்தோம், கவனிக்கவில்லை.

வழிகாட்டியிடம் கேட்டேன். "இந்தியப் பாணி. அக்கால வணிகர்கள்" என்றார். எந்த மொழி பேசியவர்கள் என்றதற்குப் புன்னகைத்தார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆண்டுக்கணக்கில் வரலாறு போதித்த எனக்கே அன்று விடை தெரியவில்லை.

வீடு திரும்பிப் படித்தறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சொங் அரசவையை அடைந்தன. 1087இல் சுவான்சௌவில் கடல்வணிக அலுவலகம் அமைந்தது. அரேபியர், பாரசீகர், தமிழர் எனப் பலர் அங்கே வந்து தங்கினர். 1956இல் அந்நகரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியப் பேரரசரின் உடல்நலம் வேண்டித் திருக்கதலீச்சுரம் என்னும் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. அந்தப் பேரரசர் குப்லாய் கான் என்பது அறிஞர் கருத்து. கல்வெட்டின் இறுதியில் ஒரு வரி சீன எழுத்தில் உள்ளது.

1357 முதல் 1366 வரை அப்பகுதியில் நடந்த கலகமும், 1371இல் மிங் அரசு விதித்த கடல்வணிகத் தடையும் அயல்நாட்டு வணிகரின் வாழ்வை முடித்துவைத்தன. கோயில் அழிந்தது. அதன் கற்கள் நகர மதிலிலும் பிற கட்டடங்களிலும் சேர்ந்தன. கையுவான் தூண்களும் அவ்வாறு பின்னர் வந்து சேர்ந்தவையே. 2021இல் சுவான்சௌ யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

இதை ஏன் எழுதுகிறேன்? நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முன்பு என்னிடம் கேட்டான்: "டீச்சர், நம்மவர்கள் எல்லாரும் பால்மரம் சீவத்தான் கப்பல் ஏறினார்களா?" கடாரத்தையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் சொல்லிச் சமாளித்தேன். பால்மரம் சீவியது இழிவன்று. என் பாட்டியும் சீவியவர்தான். ஆனால் அது மட்டுமே நம் கதை என்று ஒரு குழந்தை நம்பி வளர்வது நம் குறை.

அதற்காகச் சீனத்தையே வென்றோம் என்று மார்தட்டவும் வேண்டாம். அவர்கள் விற்கவும் வாங்கவும் போனார்கள்; தங்கிய நாட்டின் அரசர் நலமாக இருக்க வேண்டினார்கள். கடலைத் தாண்டியும் தமிழில் எழுதினார்கள். பெருமை அதில்தான் இருக்கிறது. கவலை வேறு. அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தம் முன்னோருடையவை என்று சொல்லத் தமிழ் பேசும் ஒரு குடும்பமும் அங்கே மிஞ்சவில்லை. நம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில், பாட்டனார் ஊரைக் காண வந்திருந்த பினாங்குப் பெரியவர் ஒருவரிடம் மகள் தன் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு மலாய் மொழியில் சொன்னார்: "அப்படியானால் உங்கள் ஆட்களும் இங்கே இருந்திருக்கிறார்கள்."

வரும் வரலாற்றுப் பாடத்தில் கடாரத்தின் பக்கத்தில் சுவான்சௌ என்றும் கரும்பலகையில் எழுதப் போகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.