கீழே இறங்கும் அச்சம்தான் ஆட்டத்தின் உயிர்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வயல் வேலையை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

"கால்பந்து லீக்கிற்கு உயிர் தருவது மேலே ஏறும் ஆசையா, கீழே இறங்கும் அச்சமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் கோப்பை, கோப்பை என்று பத்து நிமிஷம் பேசினார். ஐயா, கோப்பை ஒருத்தருக்குத்தான். மிச்சப் பேர் எதுக்காக ஆடுறான்? (கைதட்டல்)

உள்ளூரிலிருந்தே தொடங்குகிறேன். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சுக் காலத்திலேயே கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்தார் என்பது ஊர் அறிந்த பெருமை. ஆனால் கவர்னர் வடம் தொட்டுவிட்டுப் போய்விடுவார். திருப்பத்தில் தேர் நின்றுபோனால் யார் வேண்டும்? சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறானே, அவன் வேண்டும்! (சிரிப்பு) பருவத்தின் கடைசியில் தடுமாறும் அணிக்கு ரசிகன் அப்படிப்பட்டவன்.

தரமிறக்கம் எப்படி வந்தது? இங்கிலாந்தில் 1892-இல் இரண்டாம் பிரிவைத் தொடங்கினார்கள். மேலே யார், கீழே யார் என்பதைத் தேர்வு ஆட்டங்கள் வைத்து முடிவு செய்தார்கள். 1898-இல் ஸ்டோக் அணியும் பர்ன்லி அணியும் மோதின. சமன் செய்தால் இரண்டு பேருக்குமே முதல் பிரிவு! பிறகு எவன் கோல் போடுவான்? நீயும் அடிக்காதே, நானும் அடிக்கலே. 0-0! (சிரிப்பு) அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகுதான், பட்டியலில் கடைசியில் நிற்பவன் தானாகவே கீழே போகவேண்டும் என்ற முறை வந்தது. அச்சம் போனால் ஆட்டமே போய்விடும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மிசோரத்தின் ஐஸ்வால் அணி 2015-16 ஐ-லீக்கில் தரமிறங்கியது. கோவா அணிகள் விலகியதால் மறுபடி வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2017-இல், சாம்பியன்! விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தவனுடைய ஓட்டம் அது.

நம்ம சென்னை சிட்டி அணியைப் பாருங்கள். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்தான் அதற்குத் தாய்வீடாக இருந்தது. 2017-18-இல் பத்து அணிகளில் எட்டாம் இடம். அதற்குக் கீழே இருந்தவை சர்ச்சில் பிரதர்ஸும், தரமிறக்கத்தில் சேராத இளைஞர் அணியான இந்தியன் ஆரோஸும்தான். 2018 மார்ச் 8-ஆம் தேதி சர்ச்சில் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் 1-0 என்று தோற்றது. ஒரே விசில்! பஞ்சாபுக்குக் கோப்பை, கோவாக்காரனுக்குத் தரமிறக்கம். சர்ச்சிலுக்கும் பிறகு மறுவாய்ப்புக் கிடைத்தது, அது வேறு கதை.

சரியாக ஒரு வருஷம். 2019 மார்ச் 9. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். கோவையில் அதே மினர்வா எதிரே. முதல் கோல் மினர்வாவுக்கு! அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1! ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் சென்னை சிட்டி 43 புள்ளி, அவர்கள் 42. ஒரே ஒரு புள்ளி! (பலத்த கைதட்டல்)

இதே காலத்தில் சென்னையின் இன்னொரு அணி என்ன ஆயிற்று? சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். சாம்பியன். அடுத்த பருவத்தில் கடைசி இடம், 18 ஆட்டத்தில் 9 புள்ளி. அந்த லீக்கில் அப்போது தரமிறக்கம் கிடையாது. வீட்டில் அப்பா திட்டமாட்டார் என்று தெரிந்த பிள்ளை பரீட்சை எழுதிய கதை! (சிரிப்பு)

எதிரணியில் ஒருவர் கேட்டார்: "கீழே இறங்கினால் ஆட்டக்காரன் பிழைப்பு போகுமே, இது கொடுமை இல்லையா?" நல்ல கேள்வி, மறுக்கமாட்டேன். ஆனால் கீழே இறங்கிய அணிக்கு ஏறிவர ஏணி உண்டு. நிர்வாகம் தளர்ந்தால் அந்த ஏணியும் இல்லை. 2019-இல் கோப்பை தூக்கிய அதே சென்னை சிட்டி, 2021-22 ஐ-லீக்கில் ஆடவே இல்லை. கோப்பை காப்பாற்றியதா? இல்லையே!

இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். வெற்றி அழியாமை என்று வைக்கவில்லை. (கைதட்டல்)

அதனால் இளைஞர்களே, ஜெயித்த அணியின் பனியனை யார் வேண்டுமானாலும் போடலாம். தோற்கும் நாளில் திடலுக்குப் போங்கள். தேர் ஓடும்போது கை தட்ட ஊரே வரும்; நின்ற தேரை நிலைக்குக் கொண்டுவருபவன்தான் உண்மையான பக்தன். அந்த அன்பை வெளியே கொண்டுவருவது கீழே இறங்கும் அச்சமே என்று கூறி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.