1982: செவிகள் மறந்த மூன்று இசைத்தட்டுகள்

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் வெற்றி பெற்ற மன்னர்களைப் பற்றியே மிகுதியாக எழுதுவர். கலை வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றனர். ஓர் ஆண்டில் எந்தப் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது, எந்தத் தட்டு மிகுதியாக விற்றது என்பனவே ஏடுகளில் இடம் பெறுகின்றன. விலைபோகாமல் கடைப் பலகையின் மூலையில் தூசு படிந்து கிடந்தவற்றைப் பற்றிக் கேட்பார் இல்லை. ஆயின் விலைபோகாதன எல்லாம் தரமற்றன அல்ல. காலம் சில வேளைகளில் தன் தீர்ப்பைத் தானே மாற்றி எழுதுகின்றது. அங்ஙனம் மாற்றி எழுதப்பெற்ற தீர்ப்புகள் மூன்றினை இவ்வாண்டு மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் குடியிருப்பில் உள்ள இசையன்பர் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓர் இல்லத்தில் கூடினோம். ஓர் ஆண்டினைத் தேர்ந்துகொள்வது, அவ்வாண்டில் உருவாகி, உரிய காலத்தில் உரிய மதிப்பைப் பெறாத இசைத்தட்டு ஒன்றினை ஒவ்வொருவரும் கொணர்ந்து மற்றவர்களுக்குக் கேட்பிப்பது என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். தேர்ந்த ஆண்டு 1982. அதற்குக் காரணம் உண்டு. இத்தலைநகரில் வாழும் நமக்கு அவ்வாண்டு மறக்கவியலாதது. நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை ஒன்பதாம் ஆசிய விளையாட்டு விழா இங்கு நடைபெற்றது. வண்ணத் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்ததும் அவ்வாண்டிலேதான்.

இசையுலகிலும் அஃது ஒரு திருப்புமுனையாண்டு. அக்டோபர் 1ஆம் நாள் ஜப்பானில் முதல் குறுந்தட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. நவம்பர் இறுதியில் அமெரிக்காவில் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ வெளிவந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. டிசம்பரில் ‘டிஸ்கோ டான்சர்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. பப்பி லாகிரியின் பாடல்கள் தெருவெங்கும் முழங்கின. தமிழகத்திலோ ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘மூன்றாம் பிறை’ ஆகிய படங்களுக்கு இளையராஜா அமைத்த பாடல்கள் அவ்வாண்டில் இல்லந்தோறும் ஒலித்தன. இத்துணைப் பேரொலிகளுக்கு நடுவே மெல்லிய குரல்கள் சில அமுங்கிப் போனதில் வியப்பில்லை. அக்குரல்களுள் மூன்றினை இனிக் காண்போம்.

முதலாவது, வங்கப் பெண்மணி ஒருவரின் குரல். ரூபா பிசுவாஸ் என்பது அவர் பெயர். கல்கத்தாவைச் சேர்ந்த அவர், 1980களின் தொடக்கத்தில் கனடா நாட்டின் கால்கரி நகருக்குச் சென்றிருந்தபோது, சரோடு மேதை ஆசிஷ் கான் முதலியோருடன் கூடி ஓர் இசைத்தட்டினைப் பதிவு செய்தார். ஆசிஷ் கான், புகழ்பெற்ற அலி அக்பர் கானின் மைந்தர். அலாவுதீன் கானின் பெயரர். மைகர் மரபின் சரோடும் தபலாவும் ஒருபுறம், மேலை நாட்டுக் கிடாரும் முரசும் மறுபுறம், இடையே வங்க மொழியிலும் இந்தியிலும் ஓர் இளம்பெண்ணின் குரல் எனத் தட்டு அமைந்தது. ‘டிஸ்கோ ஜாஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர். மொத்தம் நான்கே பாடல்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஆஜ் சனிபார்’. ‘இன்று சனிக்கிழமை’ என்பது அதன் பொருள்.

1982இல் மெகாபோன் என்னும் பழைய கல்கத்தா நிறுவனம் அதனை வெளியிட்டது. வாங்குவார் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ வெளிவந்து நாட்டைக் கவர்ந்திருந்தது. பெங்களூரில் பிறந்து இலண்டனில் புகழ் பெற்ற பித்து அமைத்த இசை அது. அப்பெரு வெற்றியின் நிழலில், விளம்பரமும் திரைப்படமும் துணையில்லாத ஒரு தட்டு தழைப்பது அரிது. ரூபா இசைத்துறையில் மேற்கொண்டு வளர இடமில்லாது இல்லற வாழ்வில் அமைந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அப்பழைய தட்டு வெளிநாட்டு இளைஞரிடையே இணையத்தின் வழியாகப் பரவிப் பெரும் விலைக்குக் கைமாறுவதை அவருடைய மகன் கண்டறிந்து தாயாரிடம் தெரிவித்தார். 2019இல் அமெரிக்காவின் நூமெரோ குரூப் நிறுவனம் அதனை மீண்டும் வெளியிட்டது. தாம் தோற்றுவிட்டதாகவே எண்ணியிருந்த ஒருவர், தம் இளமைக் குரலை உலகம் விரும்பிக் கேட்பதைத் தம் கண்முன்னே கண்டார்.

இரண்டாவது தட்டு பம்பாயில் பிறந்தது. சரண்ஜித் சிங் என்பவர் இந்தித் திரையிசைக் குழுக்களில் கிடாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்தவர், ஆர். டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களிடம் பணியாற்றியவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத எண்ணற்ற கலைஞருள் அவரும் ஒருவர். அவர் சிங்கப்பூரில் ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் புதிய கருவிகளை வாங்கி வந்தார். ஜூபிடர் 8 என்னும் சிந்தசைசர், டி.ஆர். 808 என்னும் தாளக்கருவி, டி.பி. 303 என்னும் சிறிய பாஸ் கருவி ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து, 1982இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் தாம் ஒருவராகவே வாசித்துப் பதிவு செய்தார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது தட்டின் பெயர்.

அப்பத்து ராகங்களையும் கேட்கையில் நம் கூட்டத்தில் ஓர் இனிய நிகழ்ச்சி நேர்ந்தது. மூன்றாவது ராகம் தொடங்கியதும், இதுவரை வாளாவிருந்த எழுபத்தெட்டு வயது மாமி ஒருவர் நிமிர்ந்து அமர்ந்து, “இது நம்ம மோகனம் அல்லவா?” என்றார். உண்மையே. அது பூபாலி, நம் மோகனத்தின் வடநாட்டு உருவம். அதன் பின்னர் எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆயிற்று. யமனில் நம் கல்யாணியைக் கண்டோம். மால்கௌன்ஸில் இந்தோளத்தையும், கலாவதியில் வலஜியையும், பைராகியில் ரேவதியையும் இனங்கண்டோம். பைரவ் என்பது நம் பைரவியன்று, மாயாமாளவகௌளையின் சுரங்களே என்பதையும், வடவரின் தோடி நம் தோடியன்று, சுபபந்துவராளிக்கு நேரானது என்பதையும் இளைஞர்க்கு மாமி விளக்கினார். இயந்திர ஒலி என்று தொடக்கத்தில் முகஞ்சுளித்தவர் அவரே!

அத்தட்டின் சிறப்பு ஒன்றினை இங்கே கூறுதல் வேண்டும். டி.பி. 303 என்னும் கருவி தனியே கிடார் வாசிப்போர்க்குத் துணை புரிவதற்காகச் செய்யப்பெற்றது. அத்தொழிலில் அது தோற்றது. 1984இல் அதன் உற்பத்தியே நின்றது. ஆயின் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. நம் கமகத்திற்கும் வடவரின் மீண்டிற்கும் அது ஓரளவு இடங்கொடுத்தது. சரண்ஜித் சிங் அதனை உணர்ந்து பயன்கொண்டார். பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அதே கருவியைக் கொண்டு 1987இல் சிகாகோ நகர இளைஞர் சிலர் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் தட்டினை வெளியிட்டனர். ‘ஆசிட் ஹவுஸ்’ எனப்படும் நடன இசைக்கு அதுவே தொடக்கம் என்பர். பம்பாய்க் கலைஞர் அதனையொத்த ஓசையை ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருந்தார். சிகாகோ இளைஞர் அவரிடமிருந்து கற்றனர் என்று கொள்ளுதல் பிழை; இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே கருவி இரு நாட்டில் இரு வழியாக ஒரே ஓசையை ஈன்றது என்பதே வியப்பு.

அத்தட்டு ஏன் விலைபோகவில்லை? ராகம் கேட்போர் டிஸ்கோ என்ற சொல்லைக் கண்டு ஒதுங்கியிருப்பர். டிஸ்கோ விரும்புவோர் ராகம் என்ற சொல்லைக் கண்டு ஒதுங்கியிருப்பர். பாடுதற்குச் சொற்களும் அதில் இல்லை. கடைக்காரர் எந்தப் பலகையில் வைப்பார்? 2002இல் எடோ பௌமன் என்னும் டச்சு நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் நம் டில்லி மாநகரில் அதன் படியொன்றைக் கண்டெடுத்தார். 2010இல் அதனை மீண்டும் வெளியிட்டார். முதிய வயதில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் தம் ராகங்களை வாசித்தார். 2015ஆம் ஆண்டு ஜூலையில் மும்பையில் மறைந்தார். அவருக்கு வாய்த்தவை ஐந்தே ஆண்டுகள், எனினும் வாய்த்தன.

மூன்றாவது தட்டு ஜப்பானின் தலைநகரில் உருவானது. ஹிரோஷி யோஷிமுரா என்னும் கலைஞர், சாளரத்தின் வழியே தெரியும் மேகம், மர நிழல், மழை ஆகியவற்றை எண்ணி, எளிய விசைப்பலகைக் கருவிகளில் ஒன்பது சிறு இசைத் துணுக்குகளை இயற்றினார். ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை என்பது அத்தொகுப்பின் பெயர். டோக்கியோவின் ஹாரா கலைக்கூடத்தில் அது ஒலிபரப்பப்பட்டது. காண வந்தோர் ஓவியங்களோடு இசையையும் விரும்பி, ‘இஃது எங்கே கிடைக்கும்?’ என்று வினவினர். 1982இல் ஒரு சிறு நிறுவனம் அதனை வெளியிட்டது. இரைச்சலே செல்வாக்குப் பெற்ற அக்காலத்தில், அமைதியையே பொருளாகக் கொண்ட அவ்விசை ஜப்பானுக்கு வெளியே பரவவில்லை. 2017இல் அது மீண்டும் வெளியிடப்பெற்றபோது உலகெங்கும் உள்ள இளைஞர் அதனை விரும்பி வரவேற்றனர். ஆயின் அவ்வரவேற்பைக் காண யோஷிமுரா இல்லை. அவர் 2003இலேயே மறைந்துவிட்டார்.

மூன்று தட்டுகளின் கதையும் ஒன்றுபோல் தோன்றினும், முடிவு வேறு வேறு. ஒருவர்க்கு வாழ்நாளிலேயே நீதி கிடைத்தது. ஒருவர்க்கு அந்திக் காலத்தில் கிடைத்தது. ஒருவர்க்குக் கிடைக்கும் முன்னரே காலம் முடிந்தது. இவற்றை வேறுபடுத்தியது கலையின் தரமன்று. எவரோ ஒருவர் ஒரு படியைத் தூக்கி எறியாது வைத்திருந்தார், எவரோ ஒருவர் எப்போது அதனைக் கண்டெடுத்தார் என்பதே.

இச்செய்தி தமிழர்க்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்துகொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராக அலைந்து அவற்றைத் தேடியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறிற்றெனின், அதற்கு ஐயரின் உழைப்பு முதற்காரணம். தம் வீட்டுப் பரணில் ஏடுகளைக் காத்துவைத்த பெயரறியாக் குடும்பத்தினர் மற்றொரு காரணம். தேடுவோர் ஒருவர் வருமளவும் காப்போர் பலர் வேண்டும். இசைத்தட்டிற்கும் அஃதே முறை.

இங்கே என் குற்றம் ஒன்றினையும் மறையாது கூறுதல் முறையாகும். பல ஆண்டுகளுக்கு முன், அரசுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறியபோது, என் தந்தையார் சேர்த்துவைத்திருந்த இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டேன். புதிய வீட்டில் இடமில்லை. வாசிக்கும் பெட்டியும் பழுது. அவற்றில் இன்னின்ன இருந்தன என்று பட்டியல்கூட எழுதி வைக்கவில்லை. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வெறுமையான அப்பலகையை மட்டும் ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் எனக்கு முற்றும் விளங்கிற்று.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரைவிட்டு வந்த நம் பெற்றோர் பெட்டியில் சுமந்து வந்தவை சிலவே. அவற்றுள் தட்டோ நாடாவோ இருப்பின், விற்குமுன் ஒரு முறை கேளுங்கள். அதன் பெயரையும் ஆண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, அதனை எங்கே எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்திற்கு வேறோர் ஆண்டினைத் தேர்ந்திருக்கின்றோம். தங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தட்டுடன் வருவோர்க்கு எங்கள் இல்லங்களின் கதவு திறந்தே இருக்கும். மோகனத்தை இனங்காணும் மாமியும் அங்கிருப்பார்.